வினாகிரி மணத்த ஜாக்கெட்

நேற்று ஒஷாவா போகும் வழியில் வாங்கிய உருளைக்கிழங்குப் பொரியலில் கடைக்காரன் கேட்காமலே வினாகிரியை ஊற்றித் தொலைத்துவிட்டான். கார் முழுவதும் அப்பாவின் ஜாக்கெட் மணத்தது.

தொண்ணூறுகளில் அப்பா கிங்ஸ்டன் வீதியில் ஒரு பழைய பப்பின் குசினியில் சமைத்தார். சனிக்கிழமை மத்தியானங்களில் நானும் அம்மாவும் அவரைக் காரில் ஏற்றப் போவோம். பின்கதவால் பொரித்த மீனும் வினாகிரியும் பியர் ஊறிய கம்பளமும் கலந்த சூடான காற்று வரும், முன்பக்கத்து ஹொக்கி இரைச்சலுக்கு மேலாகக் குசினிக் கசெட்டில் தமிழ்ப்பாட்டுக் கேட்கும், அம்மாவோ கார்க் கண்ணாடியை உடனே ஏற்றச் சொல்லுவார். வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டைப் பல்கனியில் தொங்கவிடுவார். குளிரில் அது பலகையாக விறைத்து, காலையில் ஒரு ஆள் போல நிற்கும். கோயிலில் சறோ அக்கா விசாரித்தால், "அவர் ஒரு கொம்பனியிலை வேலை அக்கா" என்பார். சறோ அக்காவின் கணவரும் அதே குசினியில்தான் கோப்பை கழுவினார். இது இருவருக்குமே தெரியும்.

நேற்று எரிச்சலோடு காரைத் திருப்பி அந்தப் பப் இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அது அடுக்குமாடி. வாசலில் பப்பின் வரலாற்றைப் பொறித்திருக்கிறார்கள்: குதிரைவண்டிக்காரர்கள் தங்கியது, கூரை எரிந்தது, முதலாளிமார் ஐந்து பேர். பதினொரு வருடம் மீன் பொரித்தவரைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. கொதித்துப்போய் அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்பாவின்ரை பேர் இல்லையோ?"

"இல்லை அம்மா."

"நல்லதாப் போச்சு. சறோ அக்கா இப்ப உந்த பில்டிங்கிலைதான் இருக்கிறா."