நாற்பதில் வைத்த ஹெலிகாப்டர்

என் மனைவி மணிக்கட்டு முறிந்து தேறிக்கொண்டிருந்த மாதங்களில், அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். ஒரு வாரம் அது நல்லதாகவும் இருந்தது.

நான் ஏ.சி. மெக்கானிக். காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு வாடிக்கையாளர் ஊர் மாறிப் போகும்போது அவர் வீட்டு ஏ.சி.யைக் கழற்றப் போனேன். அட்டைப்பெட்டியிலிருந்து கால் உடைந்த ஒரு சின்ன ஹெலிகாப்டரை எடுத்து, அதன் ரிமோட்டோடு என் கையில் கொடுத்தார். "சரிபண்ண முடிஞ்சா வெச்சிக்கங்க" என்றார். முழங்கை நீளம்தான் இருக்கும். காலை ஒட்டி, பேட்டரியை மாற்றி, மொட்டை மாடியில் இரண்டு மாதம் கீழே போட்டுப் போட்டு, ஒருவழியாக அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகினேன்.

"நாப்பத்தஞ்சு வயசுல பொம்மைய வெச்சிக்கினு ஆடறீங்களே" என்பாள் மனைவி. துணி காயப்போட வரும்போது, கொடிக்கயிற்றுப் பக்கம் வரக்கூடாது என்று ஹெலிகாப்டரிடமே சொல்லிவிட்டுப் போவாள்.

அவளுக்கு ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. நரம்பு தட்டுப்படாத வயதானவர்கள், கையை உதறும் குழந்தைகள், எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். "அந்த அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மறுநாள் வருகிறவர்களும் உண்டு. புரட்டாசி மழையில் செவிலிமேட்டருகே அவள் ஸ்கூட்டர் வழுக்கியது. வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. கட்டைவிரல் மட்டும் பழையபடி வரவில்லை. பேனாவைப் பிடித்தாலே நடுங்கியது. லேபில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஊசியைக் கொடுக்கவில்லை. ரிப்போர்ட் அடித்து உறையில் போடும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, காலையில் நூறு தடவை, மாலையில் நூறு தடவை அமுக்கச் சொன்னாள். இவள் முப்பதோடு நிறுத்துவாள். பந்து கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். ஒருநாள் விடிந்ததும் மொட்டை மாடிக்கு எனக்குக் காபி கொண்டுவந்தவள், போகாமல் நின்று ரிமோட்டைப் பிடித்திருந்த என் கைகளையே பார்த்தாள்.

"எல்லாமே கட்டைவிரல்லதான் பண்றீங்களா?"

"ஆமாம்மா. எடது கைக் குச்சி மேல தூக்கும், திருப்பும். வலது கைக் குச்சி முன்னாடி பின்னாடி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்க்கும்."

"குடுங்க, பாக்கலாம்."

அவள் தூக்கியதும் ஹெலிகாப்டருக்குக் குளிர்ஜுரம் வந்ததுபோல் ஆயிற்று. விரல் நடுங்கிய நடுக்கமெல்லாம் அதில் தெரிந்தது. நாலே நொடியில் தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டியது. மறுநாளும் கேட்டாள், அடுத்த நாளும் கேட்டாள். ஒரு வாரம் விடாமல் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்தாவது தடவையாக அது கவிழ்ந்ததும், ரிமோட்டைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தாள்.

"இந்தக் கை இனிமே ஒதவாதுன்னு அதுக்கே தெரிஞ்சிடுச்சி" என்றாள். அழவில்லை. சர்ச்சுக்கு நேரமாகிறது என்று குளிக்கப் போய்விட்டாள்.

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அதைச் செய்தேன். குச்சியை எவ்வளவு தள்ளினால் ஹெலிகாப்டர் எவ்வளவு சாய வேண்டும் என்பதை அந்த ரிமோட்டில் சதவீதமாக வைத்துக்கொள்ளலாம். நான் நூறில் வைத்திருந்தேன். முழுதாகத் தள்ளினால் முழுதாகச் சாயும். வலது குச்சிக்கு மட்டும் அதை நாற்பதுக்கு இறக்கினேன். அவளுடைய நடுக்கத்தில் பாதிகூட இனி அதற்குப் போய்ச் சேராது. அன்று ஆராதனையில் பாடும்போதும், பிரசங்கத்தின்போதும் என் நினைப்பெல்லாம் அந்த நாற்பதில்தான் இருந்தது.

திங்கள்கிழமை காலை காற்றே இல்லை. வேண்டாம் என்றவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஹெலிகாப்டர் இடுப்பு உயரத்துக்கு எழுந்து, கொஞ்சம் தள்ளாடி, நின்றது. பத்து நொடி. பிறகு இருபது. அவள் கத்தவில்லை. கத்தினால் விழுந்துவிடும் என்று பயந்தவள்போல, "பாருங்க, பாருங்க" என்று அடிக்குரலில் சொன்னாள். கீழே இறக்கியதும் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மணிக்கட்டில் தையல் போட்ட தழும்பை இடது கையால் தடவினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

அடுத்த நாள் தன் தங்கைக்குப் போன் செய்தாள். "கை நிக்குதுடி. நெசமாத்தான் சொல்றேன், ஒரு நிமிஷம் அப்படியே நிக்க வெச்சேன்" என்று சொல்லிச் சிரித்தாள். பந்தைத் தேடி எடுத்து நூறு தடவையும் அமுக்கினாள். பிசியோதெரபிப் பெண் அந்த வாரம் விரல்பிடியைச் சோதித்துவிட்டு, "கொஞ்சம் பரவால்ல, ஆனா இன்னும் நாளாகும் அக்கா" என்றாள். அதை இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்:

"திங்கக்கெழம லேப் மேடத்துகிட்ட கேக்கப் போறேன், மறுபடி ஊசி போடறேன்னு."

 "இன்னும் ரெண்டு வாரம் போவட்டுமே" என்றேன்.

"ஏன், நீங்களேதான பாக்கறீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே லேசாகக் காற்று இருந்தது. கீழே தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவு நீட்டியிருந்தார்கள். புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டிழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஒட்டியதைப் பிரித்து, அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் ஹெலிகாப்டரைத் தூக்கிவிட்டாள்.

முதலில் நன்றாகத்தான் நின்றது. காற்று ஒரு தள்ளு தள்ளியதும் தெருப் பக்கமாக நகர ஆரம்பித்தது. அவள் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளினாள். அது கேட்கவில்லை. இன்னும் தள்ளினாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டியது.

"வரமாட்டேங்குதுங்க! முழுசாத் தள்ளிட்டேன், வரமாட்டேங்குது!"

நான் ரிமோட்டைப் பிடுங்கக் கை நீட்டினேன். அதற்குள் அவள் இடது கைக் குச்சியை ஒரேயடியாகக் கீழே இழுத்துவிட்டாள். விசிறி நின்றது. ஹெலிகாப்டர் நேராக விழுந்து, ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடில் மோதி நின்றுவிட்டது. உடைந்த விசிறி இறக்கை ஒன்று மட்டும் சுழன்றுகொண்டே கீழே போய், பாவுக்கு இரண்டடி தள்ளி மண்ணில் விழுந்தது.

பக்கத்து வீட்டு அம்மா நூலைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா இது? பாவு மேல உழுந்திருந்தா ஒரு மாச வேல போயிருக்குமே!"

"மன்னிச்சிடுங்கக்கா, இனிமே நடக்காது" என்று இவள்தான் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். ஏதோ கணக்குப் பிடிபட்டவளைப்போலக் குச்சியைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள், விட்டாள், மறுபடி தள்ளினாள்.

"மொதல்லலாம் கொஞ்சம் தொட்டாலே ஓடுச்சே. இப்போ முழுசாத் தள்ளியும் ஏன் வரல?"

நான் சுவரோரமாகப் போய்ச் சன்ஷேடை எட்டிப் பார்த்தேன்.

"எதையாவது மாத்தினியா?"

கோபம் வந்தால்தான் அவள் வாயில் 'நீ' வரும். நூறை நாற்பதாக்கியதைச் சொன்னேன். நடுக்கம் குறைவதற்காகக் குறைத்தேன், அதனால் காற்றை எதிர்த்துத் திருப்பும் பலமும் சேர்ந்து குறைந்துபோயிற்று என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"அந்த ஞாயித்துக்கெழமலேர்ந்து."

"அப்போ என் கை?" கையை என் முன்னால் நீட்டினாள். "அப்படியேதான் இருக்குதா?"

"தெரியலம்மா. கொஞ்சம் தேவலன்னுதான் நெனைக்கிறேன்."

"நான் திங்கக்கெழம போயி ஊசிய எடுத்திருப்பேன்யா. ஒரு கொழந்த கைய புடிச்சிக்கினு நின்னிருப்பேன். அப்போ நடுங்கியிருந்தா? அங்க எதக் கொறைச்சி வெப்ப நீ?"

 அவள் படியிறங்கிப் போனாள். மூன்று நாள் சாப்பாடு வைத்தாள், துணி மடித்தாள், பேசவில்லை. நான் சன்ஷேடில் இறங்கி ஹெலிகாப்டரை எடுத்துவந்து அலமாரிக்கு மேலே வைத்தேன். திங்கட்கிழமை அவள் மேடத்திடம் எதுவும் கேட்கவில்லை என்று செவ்வாய்க்கிழமை அவளுடைய தங்கை சொல்லித்தான் தெரிந்தது. தங்கையும் என்னிடம் சுருக்கமாகத்தான் பேசினாள்.

புதன்கிழமை வேலையிலிருந்து வந்தபோது, கூடத்தில் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். அந்த ரிமோட்டின் கையேடு. ஆங்கிலத்தில் இருந்ததால் நான் படங்களை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தேன்.

"உக்காருங்க" என்றாள். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. "இதுல எக்ஸ்போன்னு ஒண்ணு இருக்குது, பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். புரியல, உட்டுட்டேன்."

அவள் விளக்கினாள். நடுவை ஒட்டிக் குச்சி அசையும்போது மட்டும் ஹெலிகாப்டர் மந்தமாகக் கேட்கும். தள்ளத் தள்ள வேகம் கூடும். கடைசிவரை தள்ளினால் நூறும் கிடைக்கும். "என் நடுக்கமெல்லாம் நடுவுலதான். ஓரத்துக்குப் போறதுல நடுக்கம் இல்ல. அப்போ இதத்தான மாத்தணும்?"

நான் பதினைந்து வருஷமாக மெஷின்களோடு புழங்குகிறவன். எனக்குத் தோன்றவில்லை.

"இனிமே எது மாத்தினாலும் என் எதுருல மாத்துங்க. நம்பர சத்தமா சொல்லுங்க" என்றாள். நூறைத் திரும்ப வைத்தேன். "நூறு" என்று சொன்னேன். எக்ஸ்போவை ஏற்றி, "அம்பது" என்றேன். புது இறக்கை மாட்டிக்கொண்டு, பாவு இல்லாத நாளாகப் பார்த்து ஏறினோம். முதல் தடவை கொஞ்சம் ஆடியது. நாற்பதில் நின்றதுபோல் அசையாமல் நிற்கவில்லை. ஆனால் காற்று தள்ளியபோது அவள் திருப்பினாள், திரும்பி வந்தது. "இது என் கை" என்றாள்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை அவளே சொல்வாள். "நாப்பத்தஞ்சு போடுங்க." அடுத்த வாரம் "நாப்பது." பனி அதிகமாக இருந்த மார்கழியில் விரல் மரத்துப்போய், இரண்டு வாரம் மறுபடி ஐம்பதுக்கே போனோம். அப்போது அவள் முகம் சுருங்கியது. ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்; அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "அம்பது" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மாசி மாதம் எக்ஸ்போ இருபதுக்கு வந்தபோது மேடத்திடம் கேட்டாள். அந்த அம்மாள் கடுமையானவர் என்று பெயர். யோசித்துவிட்டு, தன் சட்டைக்கையை மடித்து மேசைமேல் கையை நீட்டினாராம். "மொதல்ல எனக்குப் போடு" என்றாராம். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை, இரண்டாவதில் கிடைத்தது. "வலிச்சிதா மேடம்?" என்று இவள் கேட்க, "வலிக்காம இருக்குமா? நாளையிலேர்ந்து பெரியவங்களுக்கு எடு" என்று சொல்லியிருக்கிறார். கைக்குழந்தை வந்தால் இவள் இன்றும், தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணைத்தான் கூப்பிடுகிறாள். கட்டைவிரல் முழுதாக நீளுவதில்லை. இனி நீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொன்ன அன்று, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தென்னேரிக்குப் போனோம். ஏரியில் தண்ணீர் வடிந்து, கரையோரம் நல்ல அகலத்துக்குப் புல்தரை இருந்தது. அவளுக்குப் புதிதாக ஓர் ஆசை. இதுவரை வாலைத் தன் பக்கம் வைத்துத்தான் ஓட்டினாள். இப்போது மூக்கைத் தன் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டுமாம். அப்படித் திருப்பினால் இடம் வலமாகும், வலம் இடமாகும். எனக்கே அது வராது.

"வேணாம்மா, உழுந்துடும்."

"உழுட்டும்" என்றாள்.

திருப்பினாள். மூன்று நொடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு தப்பான பக்கம் தள்ளினாள். பக்கவாட்டில் பாய்ந்து புல்லில் குத்தியது. அவள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வாலில் இருக்கும் சின்ன விசிறியைக் காணோம். விரல்நகம் அளவுதான் இருக்கும், கறுப்பு. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகப் புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "நகை எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரும் குனிந்து தேடினார். அரைமணி நேரம் ஆயிற்று. கிடைக்கவில்லை.

"பசிக்குதுங்க" என்றாள். வாலாஜாபாத்தில் வண்டியை நிறுத்தி ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். வால் விசிறி ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைக்க வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.