பெயர் சொல்லாத பாவம்

கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினால் கரித்தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவில் இரும்பு உருக்கும் புகைக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் கிடையாது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அப்பா ஞாயிறுதோறும் எங்கள் ஓலைக்கூரைச் சபையில் "சாட்சி" சொல்ல எழுவார். "நான் மகா பாவி" என்று தொடங்கித் தேம்பித் தேம்பி அழுவார், சபையே "ஸ்தோத்திரம்" என்று முழங்கும். எனக்கு அதில் பெருமைகூட உண்டு, மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்கு அவ்வளவு நன்றாக அழ வராது. என்ன பாவம் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அது அம்மாவுக்குத் தெரியும். அப்பா உருக்காலையில் கிரேன் ஓட்டினார். கீழே நின்று கைச்சைகை காட்டுபவர் அவருடைய கூட்டாளி ஏழுமலை மாமா. ஒருநாள் சைகை வருமுன்பே அப்பா கிரேனை நகர்த்திவிட, தொங்கிய இரும்பு சரிந்து ஒரு தொழிலாளியின் கால் முறிந்தது. விசாரணையில் பயந்துபோன அப்பா, "அவன் கை காட்டினான், நான் நகத்தினேன்" என்று சொல்லிவிட்டார். ஏழுமலை மாமாவின் வேலை போயிற்று. பெரியபாளையம் கோயில் பக்கம் வேப்பிலை விற்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

ஒரு ஞாயிறு சபை முடிந்து வரும்போது அம்மா நடுரோட்டில் நின்றுவிட்டாள். "மகா பாவின்னா ஊர்ல இருக்கிற அத்தினி பேருக்கும் பொருந்தும். நீ இன்னா பண்ணேன்னு சொல்லு. ஆண்டவர்கிட்ட அழுதுக்கினே கீறியே, ஏழுமலைகிட்ட சொன்னியா?"

"வேலை பூடுமே," என்றார் அப்பா.

"போவட்டும். மனந்திரும்புறதுன்னா வந்த வழியே திரும்பிப் போறது. அழுதுட்டு ஊட்டுக்கு வந்து சோறு துன்றது இல்ல."

வேலை போனால் வாடகை வீடும் போகும் என்பது எனக்கே தெரியும். மறுநாள் அப்பா காக்கிச் சட்டையோடு மேலாளர் முன் நின்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். வேலை தப்பியது, ஆனால் கிரேனிலிருந்து இறக்கிச் சுமை தூக்க அனுப்பினார்கள். ஏழுமலை மாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அப்பாவே பெரியபாளையம் போய் விஷயத்தைச் சொல்லி அவரைக் கூட்டிவந்தார். மாமா எங்கள் வீட்டில் டீயைக் குடித்து முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அன்று மதியம் அப்பா விட்ட குறட்டை தெருமுனை வரை கேட்டது, அம்மாவும் நானும் அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம்.

அந்த உருக்காலை இடிக்கப்பட்டு இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் குடோன் வந்துவிட்டது. ஓலைச் சபை போய் ஏசி வைத்த கட்டடம் எழும்பியிருக்கிறது. மனந்திரும்புதலைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன், நடுரோட்டில் அம்மா செய்த பிரசங்கத்துக்கு ஒன்றும் உறை போடக் காணாது. போன மாதம் ஏழுமலை மாமாவைப் பார்த்தபோது, அப்பாவை அன்றைக்கே மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும்மா," என்றார். "எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் தப்பா கை காட்டி ஒருத்தன் காலை ஒடிச்சிட்டேன்னு நானே நம்பிக்கினு இருந்தேன். உங்கப்பன் வந்து சொல்லலன்னா, சாவுற வரைக்கும் நம்பியிருப்பேன்."