மொட்டைக்கு யாரும் பயப்படவில்லை

1. அரோகரா

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்து, இன்னும் வெளிவராத ஒரு சைக்கலாஜிக்கல் திரில்லர் படத்தை அந்தப் பக்கத்து இளம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம். இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி வரும். கதாநாயகி கதவைத் திறக்கிறாள். வாசலில் அவள் கணவன் நிற்கிறான். காலையில் தலை நிறைய முடியோடு வேலைக்குப் போனவன், இப்போது மொட்டை. கையில் ஒரு துணிப்பை. ஒரு வார்த்தை பேசாமல் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். வயலின் வீல் வீலென்று கத்துகிறது.

பின்வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குரல், "முருகனுக்கு" என்றது.

மண்டபம் முழுக்க, "அரோகரா" என்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், என் படம் போச்சு" என்றார்.

எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் தொழிலில் ரெஸ்பாண்டென்ட், அதாவது பதில் சொல்ல வந்தவர், முன்னால் சிரிக்கவும் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

2. கொசுவர்த்தியிலிருந்து சினிமாவுக்கு

மார்க்கெட் ரிசர்ச் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெறும்வரை ஃபீல்டு சூப்பர்வைசர், மாடரேட்டர் என்று இதே வேலைதான். சோப்பு, டீத்தூள், குக்கர் என்று எதை விற்றாலும் அதைப் பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறேன். "இந்தக் கொசுவர்த்தியின் மணம் உங்களுக்கு எந்த உணர்வைத் தருகிறது?" என்று ஆபீசில் எழுதிக் கொடுத்த கேள்வியை ஒரு அம்மாளிடம் அப்படியே கேட்டேன். "கொசு செத்தா சந்தோஷமா இருக்கும்" என்றார். அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் அதைப் பதினாறு ஸ்லைடாக ஆக்கினார்கள்.

பிறகு சினிமாவும் எங்களிடம் வந்தது. இளைஞர்களுக்கு என்ன மாதிரி திரில்லர் பிடிக்கும், எந்த இடத்தில் பயம் வருகிறது, எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று படம் வெளிவருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமாம். மேனேஜர் ராமநாதன் என்னைக் கூப்பிட்டார்.

விஷயம் இதுதான். குமரேசன் என்று ஒரு பையன். பையன் என்ன, முப்பதைத் தாண்டியவர், எனக்குப் பையன். அவருடைய முதல் படம். ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கும் பெண்ணுக்குச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. சாவி, கண்ணாடி, கடிகாரம். தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதென்று அவளே நம்ப ஆரம்பிக்கிறாள். மாடிவீட்டுப் பென்ஷன்காரர், கூட வேலை பார்க்கும் தோழி, பால்காரர் என்று பலர் மேல் சந்தேகம் வருகிறது. கடைசியில் பார்த்தால் எல்லாவற்றையும் செய்தது தினமும் அவளுக்குச் சூடாகப் பால் காய்ச்சிக் கொடுக்கிற கணவன்தான்.

சென்னையில் இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். கணவன் மொட்டையோடு வந்து நின்றதும், "மொட்டை போட்டா சைக்கோதான்" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். தயாரிப்பாளர் ஆடிப்போய்விட்டார். இன்னும் ஒரு ஊரில் போட்டுப் பார்ப்போம், அங்கேயும் கண்டுபிடித்துவிட்டால் வேறொரு இயக்குநரை வைத்துப் புது கிளைமாக்ஸ் எடுத்துவிடலாம் என்று தீர்மானம்.

குமரேசன் என்னிடம் வந்து சண்டையெல்லாம் போடவில்லை. "கிளைமாக்ஸ இன்னொருத்தர் எடுத்தா டைட்டில்ல என் பேரை எடுத்துடச் சொல்லுங்க மேடம். என் அம்மாவுக்கு நான் என்ன சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் ரிசர்ச் ஃபாரத்தில் சங்கடத்துக்கு என்று ஒரு கட்டமும் கிடையாது. வந்ததை வந்தபடி எழுத வேண்டும்.

ஏன் திருத்தணி? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் எங்கள் தொழிலின் மூலமந்திரம். சென்னை ஒரு சோறு என்றால் எலெக்ட்ரிக் ட்ரெயின் கடைசியாகப் போய் நிற்கிற பக்கத்தில் இன்னொரு சோறு எடுத்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது பக்கத்திலுள்ள அரக்கோணம். அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குத்தான் புரியும் என்றார் ராமநாதன். அங்கே பேசுவதும் தமிழ்தான் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபம் கிடைத்தது கிருத்திகை அன்று. அன்றைக்கு ஊர் தாங்காது, வேறு நாள் பாருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். முகூர்த்தம் இல்லாத நாள், மண்டபம் சல்லிசாகக் கிடைக்கிறது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆக, காலையில் மலை ஏறி முடி கொடுத்து, சந்தனம் காயாத தலையோடு நேராக எங்கள் படத்துக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முன்வரிசை பூராவும் மொட்டை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அரக்கோணத்துக்காரிக்கு மொட்டை ஒரு விஷயமாகவே கண்ணில் படவில்லை.

3. ட்விஸ்ட் வேணுங்க

இயக்குநர் கூட இருப்பது தெரிந்தால் பிள்ளைகள் மனசில் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். அதனால் குமரேசன் கையில் ஒரு மைக்கைக் கொடுத்து, எங்கள் ஆபீசில் மைக் பிடிக்கிறவர் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் அவரை "மைக் அண்ணா" என்றார்கள்.

படம் போடுவதற்கு முன்பு பொதுவான கேள்விகள். "உளவியல் பரபரப்புத் திரைப்படத்திலிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?" என்று ஆபீசில் தமிழ்ப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். நான் படித்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரீட்சை என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. அதைத் தூரப் போட்டுவிட்டு, "சைக்கோ படத்துல என்னப்பா வேணும் உங்களுக்கு?" என்றேன். பிடித்துக்கொண்டார்கள்.

ட்விஸ்ட் வேண்டும் என்றார்கள். போலீஸ்காரரை மட்டியாகக் காட்டக் கூடாது என்றார்கள். கொலைகாரனுக்குச் சின்ன வயதில் அவன் அப்பா அடித்த கதையைச் சொல்லி அழ வைக்கக் கூடாது, எங்கள் அப்பாவும்தான் அடித்தார், நாங்கள் யாரையாவது வெட்டினோமா என்றான் ஒருவன். பாட்டு வேண்டாம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பாட்டு இருந்தால் பரவாயில்லை என்று முடித்தார்கள்.

அமுலு என்று ஒரு பெண். தினமும் விடியற்காலை ட்ரெயின் பிடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய் வருகிறவள். அவள் மட்டும், நன்றாகப் பயமாக இருக்க வேண்டும், ஆனால் தூக்கம் கெடக் கூடாது என்றாள். இரண்டும் எப்படி அம்மா முடியும் என்று கேட்டேன். அதைத்தான் படம் எடுக்கிறவர் யோசிக்க வேண்டும் என்றாள். மைக் அண்ணா தலையைக் குனிந்துகொண்டார்.

இதெல்லாம் வாய்ப் பதில்கள். எந்த ஊரில் கேட்டாலும் இதேதான் வரும். இதை வைத்து ரிப்போர்ட் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், சம்பளமும் வாங்குகிறார்கள்.

4. டீயும் சமோசாவும்

அரோகராவோடு இடைவேளை வந்தது. நல்ல பதில் ஃபோகஸ் குரூப் என்று வட்டமாக உட்கார வைத்துக் கேட்டால் வராது, டீ குடிக்கும்போதுதான் வரும். இது என் அனுபவம். டம்ளரை எடுத்துக்கொண்டு அமுலு பக்கத்தில் போய் நின்றேன். மைக் அண்ணா சமோசாத் தட்டோடு பின்னாலேயே வந்தார். முகம் எழவு வீட்டு முகமாக இருந்தது.

எங்களிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் உண்டு. "வேற?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. நாமாக ஒரு பேரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. யார் மேல் சந்தேகம் என்று கேட்டேன். மாடிவீட்டுப் பெரியவர் மேல்தான், பென்ஷன் வாங்குகிறவருக்கு மொட்டை மாடியில் என்ன வேலை என்றாள். வேற? அந்தத் தோழிப் பெண். வேற? பால்காரர். வேற? யோசித்தாள். பக்கத்திலிருந்த பையன், இதையெல்லாம் எடுத்த டைரக்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம் என்றான். மைக் அண்ணா அவனுக்குச் சமோசா கொடுக்காமல் நகர்ந்தார்.

கணவன் பேர் வரவே இல்லை. அந்தக் கணவனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று பொதுவாகக் கேட்டேன்.

"பாவங்க அவரு" என்றாள் அமுலு. "பொண்டாட்டிக்கு சரியாவணும்னு வேண்டிகினு, போய் முடி குடுத்துட்டு வந்துகிறாரு. எந்த ஆம்பள இப்டி செய்வான்?"

"கையில பை இருந்ததே?"

"ஆங், விபூதி, பஞ்சாமிர்தம். மலைலருந்து வெறுங்கையோடவா வருவாங்க?"

குமரேசன் கையிலிருந்த தட்டு சாய்ந்து சமோசாக்கள் தரையில் உருண்டன. அந்தப் பையில் இருப்பது கதாநாயகி தொலைத்த சாவியும் கண்ணாடியும். கணவன் புத்தி முற்றாகக் கழன்றுவிட்டது என்று காட்டுவதற்காக அவர் வைத்த மொட்டை அது. சென்னையில் கணவனைக் காட்டிக்கொடுத்த அந்த மொட்டை, திருத்தணியில் அவனுக்கு நல்லவன் என்று சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறது.

நான் மற்றவர்களிடமும் டம்ளரோடு போய் விசாரித்தேன். வேற, வேற என்று கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருவர்கூடக் கணவனைச் சொல்லவில்லை.

5. அட பாவி

கிளைமாக்ஸில் கணவன் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்து அந்தத் துணிப்பையைத் திறக்கிறான். சாவியை எடுத்து வைக்கிறான். கண்ணாடியை வைக்கிறான். கடிகாரம். பிறகு, பாலில் கலக்கிற மாத்திரைப் பட்டை.

நான் திரையைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தேன். அதுதானே என் வேலை. அத்தனை பேர் கையிலும் போன் இருந்தும் ஒரு வெளிச்சம்கூட இல்லை. இடைவேளைக்கு முன்னால் முருகனைக் கூப்பிட்ட அதே பின்வரிசையிலிருந்து, "அட பாவி" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. முன்வரிசையில் ஒருவன் தன் மொட்டைத் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான்.

விளக்கு போட்டதும் ஒரே கொந்தளிப்பு. சாமிக்கு முடி கொடுத்துவிட்டு எவனாவது இப்படிச் செய்வானா என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவன் முடி கொடுத்தான் என்று படத்தில் யாரும் சொல்லவில்லையே என்று நான் நினைவூட்டவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

முரளி என்று ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் தறி ஓட்டுகிறவன், மைக்கை வாங்கி வெகு சீரியஸாகப் பேசினான். "எங்க பாவா, அக்கா வூட்டுக்காரரு, காலைலதாங்க மொட்டை போட்டாரு. எங்க அக்காவுக்கு நல்லபடியா கொழந்த பொறந்ததுக்கு வேண்டுதல். இனிமே அவரு பால் காச்சிக் குடுத்தா எங்க அக்கா எப்டிங்க குடிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. பிறகு அமுலு கையை நீட்டி மைக்கைக் கேட்டாள்.

"தெரியாதவனப் பாத்து பயப்படறதுக்கு சினிமா எதுக்குங்க? ட்ரெயின்ல போவசொல்ல அதான் தெனம் பண்ணிகினு இருக்கேன். இவரு நல்லவருன்னு நான் நம்பிட்டேங்க. அதான் பயமா கீது."

வேற என்று கேட்காமல் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். மைக்கைத் திரும்ப வாங்க வந்த குமரேசன் கண் கலங்கி நின்றார். "இன்னா மைக் அண்ணா, உங்களுக்கும் பயமா?" என்று முரளி கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினார். அது பொய்யில்லை.

6. வேண்டுதல்

ராமநாதனுக்குப் போன் போட்டேன். கண்டுபிடித்தார்களா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு என்றார். இல்லை என்றேன். ஏன் என்றார். சாமிக்கு முடி கொடுத்தவன் என்று நம்பிவிட்டார்கள் என்றேன். "கோமதி, இதை எந்த சார்ட்ல போடறது?" என்றார்.

தயாரிப்பாளர் லேசில் மசியவில்லை. திருத்தணியில் ஏமாந்தால் போதுமா, சென்னையில்தானே அதிகத் தியேட்டர் என்றார். நியாயமான கேள்விதான். சென்னைப் பிள்ளைகள் கண்டுபிடித்தது அந்தக் கணவனை இல்லை, வெறும் மொட்டையையும் வயலினையும்தான் என்று சொன்னேன். திருத்தணிப் பிள்ளைகள் தாங்களாகவே சேர்த்துக்கொண்ட வேண்டுதலைப் படத்திலேயே வைத்துவிடுகிறேன், கிளைமாக்ஸைத் தொட வேண்டாம் என்று குமரேசன் கெஞ்சினார். தயாரிப்பாளர் யோசித்தபடியே இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், போன மாசம் நீங்க திருப்பதி போய்ட்டு மொட்டையோட வந்தப்போ வீட்டுல யாராவது பயந்தாங்களா?" என்றேன். அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று. முடி அப்போதுதான் குத்துக் குத்தாக முளைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஷூட்டிங் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வயலினை எடுத்தார்கள். கதவு திறந்ததும், "என்னங்க இது?" என்று மனைவி கேட்கிறாள். "உனக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்" என்று பைக்குள் கைவிட்டு விபூதி எடுத்து அவள் நெற்றியில் பூசிவிடுகிறான். சேர்த்தது அவ்வளவுதான். மறுபடி சென்னையில் வேறு பிள்ளைகளுக்குப் போட்டோம். இடைவேளையில் டம்ளரோடு சுற்றினேன். மாடிவீட்டுக்காரர், தோழி, பால்காரர். கிளைமாக்ஸில் அதே அமைதி. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. குமரேசனின் பேர் டைட்டிலில் அப்படியே இருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இதுதான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் இளைஞர்கள் ட்விஸ்ட் என்பார்கள். முன்பு கேட்டவர்களும் அதைத்தான் எழுதி வைத்திருப்பார்கள். யாரை நம்பினாய், எதனால் நம்பினாய் என்று கேளுங்கள். ஒருவனை நம்பினால்தான் பிறகு அவனைக் கண்டு பயப்பட முடியும். அந்த நம்பிக்கை ஊருக்கு ஊர் வேறு. அதை ஆபீசில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. படம் வெளிவருவதற்கு முந்தின வாரம் ஆபீசில் தனியாக உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். திறந்தேன். குமரேசன் நின்றிருந்தார். மொட்டை. தலை நிறையச் சந்தனம். கையில் ஒரு துணிப்பை. ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அரக்கோணத்தில் பிறந்தவள் நான். எத்தனை ஆயிரம் மொட்டைகளைப் பார்த்திருப்பேன். "என்னப்பா வேண்டுதல்?" என்று நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"படம் நல்லபடியா வரணும்னுதான் மேடம். திருத்தணி போய்ட்டு நேரா வரேன். பிரசாதம்" என்று பையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். உட்காரச் சொன்னேன். ஆனாலும் பையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அவருக்கு முதுகைக் காட்டி டீ சொல்லப் போனேன்.