கடுகு டப்பாவில் ஆறு மாத்திரை

செம்மநத்தம் கலாவதிக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்கத் தெரியும். காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் காலையில் ஒரு டம்ளர் டீயோடு வாயைக் கட்டிக்கொள்வார்கள். ஒதுங்கப் போனால் தன் பங்குச் செடி வரிசையை, நிரையை, விட வேண்டும். விட்ட நிரையின் பழம் பக்கத்து நிரைக்காரியின் சாக்குக்குப் போய்விடும். அந்த எஸ்டேட்டில் நாய்க்குக்கூட ஓடு வேய்ந்த கூண்டு உண்டு. பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

நாலு வருடத்துக்கு முன், ஆறு மாத வயிற்றோடு பறித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலும் வந்தன. ஊருக்கு வந்த நர்ஸ் பத்து மாத்திரை கொடுத்து, ஐந்து நாள் விடாமல் போடச் சொன்னாள். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது. நின்ற நோவுக்கு மருந்து எதற்கு? அடுத்த தடவைக்கு ஆகுமென்று மிச்சம் ஆறையும் அட்டையோடு கடுகு டப்பாவில் போட்டு வைத்தாள். மலையில் மாத்திரையை யாரும் வீசி எறிவதில்லை.

மூன்று வாரம் கழித்து, ஏழாம் மாதத்திலேயே கவிப்பிரியா பிறந்தாள். ஒரு கிலோ இருநூறு கிராம். ஐம்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். இப்போது நாலு வயது ஆகப்போகிறது; போன வருடம்தான் நடந்தாள். பேச்சு இரண்டே சொல், 'மா', 'தா'. மாதம் ஒருமுறை சேலம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அங்கே வருகிற டாக்டரெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வயிற்றில் இருந்தபோது காய்ச்சல், நீர்க்கடுப்பு ஏதாவது வந்ததா?

"இல்லைங்க" என்பாள் கலாவதி. முதலில் புருஷன் சின்னராஜுக்குப் பயந்து சொன்னாள். பிறகு அதுவே பழகிவிட்டது. அழுகையும் நின்றுபோயிற்று. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

இப்போது மறுபடி ஐந்து மாதம். பத்து நாளாக அதே எரிச்சல். கடுகு டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்தாள். இந்தப் பிள்ளையும் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, குழந்தையைத் தூக்கிய சின்னராஜோடு சேலத்துக்குப் பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். கலாவதி அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"வந்துச்சுங்க. ரெண்டு நாள்தான் போட்டேன். இப்பவும் வந்திருக்குதுங்க."

சின்னராஜ் அட்டையைப் பார்த்தான்.

"பாப்பா இப்படி இருக்கறது அதனாலதானுங்களா?" என்று கேட்டாள் கலாவதி.

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. காலாவதியான மாத்திரை இது, தூக்கிப் போடு. இப்பக் குடுக்கறத ஏழு நாளும் போடணும். தண்ணி நொம்பக் குடி. வந்தா அடக்காத."

திட்டுவார் என்று நினைத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அங்கேயே முதல் மாத்திரையை விழுங்கி, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தாள். மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டும்போது அடிவயிறு முட்டியது.

"ஏனுங்க, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

சின்னராஜ் சுற்றிலும் பார்த்தான். "பஸ் பூராம் ஆளுக. கொஞ்சம் பொறுத்துக்க, ஊடு போயிறலாம்."

கலாவதி குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். "கண்டக்டரண்ணா, நிறுத்துங்க. ஒதுங்கணும்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கூச்சமாகக்கூட இல்லை. இறங்கி உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நெருப்பாக எரிந்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார், மறுமுறையும் அடித்தார். முழுக்கத் தீரும்வரை கலாவதி எழுந்திருக்கவில்லை.