கந்தைக்குள் போன கொடி

வங்காளத்து ஜலாங்கி ஆறு இடுப்பை ஒடுக்கிக்கொள்ளும் இடத்தில் நவாபின் சுங்கக் கயிறு கிடந்தது. அதை இழுத்துப் படகுகளை மறிக்கிற உத்தியோகம் நிதிராமுடையது. சம்பளம் சொற்பம். ஆனால் எவ்வளவு பெரிய வியாபாரியும் அந்தக் கயிற்றின் முன் நின்று, "நிதி அண்ணா, சௌக்கியமா?" என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியில்தான் அவன் வயிறு நிறைந்தது.

கோடு போட்ட கொடி கட்டிய படகுக்கு மட்டும் கயிறு தாழும். அது இங்கிலீஷ் கும்பினியின் சரக்கு. டெல்லி பாதுஷா என்றைக்கோ கொடுத்த சலுகை. பிளாசிச் சண்டைக்குப் பிறகு கொடிகள் குட்டி போட ஆரம்பித்தன. உப்பும் பாக்கும் புகையிலையும்கூடக் கும்பினிச் சரக்காகிவிட்டன. ஒருநாள் மைத்துனன் ஷஷ்டிசரணே கொடியோடு வந்து நின்றான்.

"நீ எப்படா வெள்ளைக்காரன் ஆனே?"

"கும்பினி குமாஸ்தாகிட்ட வாடகைக்கு எடுத்தேன் அத்தான். மூஞ்சிதான் கறுப்பு, பாக்கெல்லாம் வெள்ளைக்காரப் பாக்கு. கயித்தை இறக்குங்க."

"இறக்கலேன்னா?"

"மேல்துறையிலே ஒருத்தன் இறக்கலே. அவன் கயித்தாலேயே அவனைக் கட்டிப்போட்டாங்க சிப்பாய்ங்க. அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

இறக்கினான்.

கடைசியில் நவாபுக்கு ரோஷம் வந்தது. அந்நியனுக்கு இல்லாத சுங்கம் என் குடிகளுக்கு எதற்கு என்று எல்லோருக்குமே ரத்து செய்துவிட்டார். நியாயம்தான். ஆனால் நிதிராமின் கயிறு கொல்லையில் துணி காயப்போடப் போயிற்று. அவனைச் சௌக்கியம் கேட்க ஆளில்லை. ஷஷ்டிசரணின் கொடியும் வெறும் துணியானது. பழந்துணி கைக்கு வந்தால் அவன் பெண்டாட்டி சும்மா விடுவாளா? நிறைமாதம் வேறு. பழம்புடவைகளோடு அடுக்கி, தாமரையும் மீனுமாகத் தைத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கந்தைப் போர்வை ஆக்கிவிட்டாள்.

எல்லோரும் சமம் என்பதைக் கும்பினியால் பொறுக்க முடியவில்லை. வியாபாரம் பேச வந்தவர்கள் பீரங்கியை விட்டுப் பேசச் சொன்னார்கள். நவாப் ஓடினார், அவருக்கு முந்தைய நவாபையே தூசி தட்டி உட்கார வைத்தார்கள். சுங்கம் திரும்பி வந்தது, கொடி இல்லாதவர்களுக்கு மட்டும். நிதிராமின் கயிறும் திரும்பியது. கூடவே காவலுக்கு ஒரு கும்பினிச் சிப்பாய். போலிக் கொடியை விட்டால் வேலை காலி என்று உத்தரவு.

முதல் வாரமே ஷஷ்டிசரணின் படகு வந்தது. பாய்மரத்தில் கந்தைப் போர்வை. தாமரைக்கும் மீனுக்கும் நடுவே சிவப்புக் கோடுகள் எட்டிப் பார்த்தன. ஓரத்தில் பெரிய ஈரம்.

"என்னடா கண்றாவி இது?" நிதிராம் பல்லைக் கடித்தான்.

"கொடிதான் அத்தான். உங்க மருமகன் முத்திரை போட்டிருக்கான், அவ்வளவுதான்."

போயிற்று வேலை என்று பயந்து நிதிராம் சிப்பாயைப் பார்த்தான். சிப்பாயோ கோடுகளைக் கண்டதும் விறைத்து எழுந்து நின்றான்.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறே? கும்பினிக் கொடி! இறக்கு!"

கயிறு தண்ணீருக்குள் போனது. படகு கடந்தபோது மூத்திர வாடை மெல்ல வந்து போனது. சிப்பாய் அசையவில்லை.

அடுத்த படகில் கொடி இல்லை. ஒரு கிழவரும் நாலு கூடைக் கத்தரிக்காயும். சிப்பாய் கயிற்றைக் காட்டினான். நிதிராம் இழுத்தான்.

"நிதி அண்ணா, சௌக்கியமா?" என்றார் கிழவர்.

கயிறு கையில்தான் இருந்தது. நிதிராம் சிப்பாயைக் காட்டி, "இனிமே அவரைக் கேளுங்க பெரியவரே," என்றான்.