மரவரிசைக்குள் நின்ற பிக்கப்

ரைன்ஹோல்ட் வாங்லர் சாவதற்குச் சில நாள் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி தன் மகள் டெல்ஃபினிடம், "அந்த வண்டி உனக்கு. அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. உனக்காவது தெரியுதான்னு பாரு" என்று சொன்னார். அந்த வண்டியைப் பற்றி அவர் வாய் திறந்தது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

வடக்கு டகோட்டாவில் அவர்கள் பண்ணையும் எங்கள் பண்ணையும் அடுத்தடுத்து இருந்தன. டெல்ஃபினும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவளுக்கு வெண்டல் என்று ஒரு தம்பி இருந்தான். அறுபத்தாறாம் வருஷம் கோதுமை அறுவடையின்போது, ரைன்ஹோல்ட் தானியம் ஏற்றிய பிக்கப் லாரியை, அதைக் கொட்டி வைக்கும் தகரக் குதிரின் வாசலுக்குப் பின்பக்கமாக நகர்த்தினார். பையன் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தான். அவனுக்கு நாலு வயது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பையனை அடக்கம் செய்ததும் ரைன்ஹோல்ட் அந்த வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துப் போய், வீட்டுக்கு வடக்கே காற்றுக்குத் தடுப்பாக வளர்த்த மரவரிசைக்குள் விட்டுவிட்டார். விற்கவில்லை. உடைக்கவும் போடவில்லை. இலை கொட்டிய மாதங்களில், அவர் மனைவி ஒட்டிலியா பாத்திரம் கழுவும் ஜன்னலிலிருந்து அதன் மூக்கு தெரியும். அவர்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஞாயிறு பூசைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மழை, மாடு, கோதுமை விலை தவிர அவர்கள் தங்களுக்குள் வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை.

டெல்ஃபின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். கல்யாணம் முறிந்து, மகளும் பெரியவளாகி வெளியூர் போன பிறகு, பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். சத்தமாகச் சிரிப்பாள். அப்பா அம்மா எதிரில் மட்டும் அந்தச் சிரிப்பு வராது.

அப்பாவை அடக்கம் செய்த அடுத்த வாரமே பழைய வண்டி வாங்குகிற ஒருவன் வந்து நின்றான். ஐம்பத்தோராம் வருஷத்து வண்டி, பானெட் கூட நசுங்கவில்லை என்று நல்ல விலை சொன்னான். அவள் கொடுக்க மறுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு விக்க மனசு வந்திருந்தா அவரே வித்திருப்பாரு, ஆல்வின். அம்மா இன்னமும் அதைப் பார்த்துக்கிட்டேதான் பாத்திரம் கழுவுறாங்க. அது அங்கேருந்து போகணும். ஆனா எவனும் கட்டி இழுத்துட்டுப் போகக் கூடாது. தானா ஓடிப் போகணும்."

பனி உருகியதும் வேலையை ஆரம்பித்தோம். முன் பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ஆஷ் மரம் முளைத்துத் தொடை கனத்துக்கு வளர்ந்திருந்தது. அதை அறுத்த பிறகுதான் வண்டியை அசைக்கவே முடிந்தது. பழுது பார்க்க எங்கள் கொட்டகை வரை மட்டும் இழுக்கச் சம்மதித்தாள். கதவைத் திறந்தால் சீட் முழுக்க எலிக்கூடு. என்ஜின் இறுகிப் போயிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் ஒரு நீளக் கம்பியை மாட்டி என்ஜினைத் திருப்பப் பார்ப்பாள். வாரக்கணக்கில் அசையவில்லை. ஒரு நாள் விரல் அகலம் திரும்பியது. கம்பியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சமையல்காரி சம்பளத்தில் எதையும் புதிதாக வாங்குவது கஷ்டம். ரேடியேட்டர் ஓட்டைகளை நானே பற்றவைத்து அடைத்தேன். துருப்பிடித்து உதிர்ந்த தரைக்கு, காற்றில் சாய்ந்த பழைய குதிர் ஒன்றின் தகரத்தை வெட்டிப் போட்டாள். டயர் நாலும் யாரோ கைவிட்ட டிரெய்லரிலிருந்து வந்தவை. பெயின்ட் அடிக்கவில்லை, துருவைத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசியதோடு சரி. பிரேக்குக்கு மட்டும் பழைய சாமான் ஒன்றுகூட வேண்டாம் என்றாள். குழாய், ஹோஸ், சக்கர சிலிண்டர் எல்லாம் புதிது. அதற்காக அந்த வருஷம் பல் கட்டுவதைத் தள்ளிப்போட்டாள். நான் திட்டினேன்.

"பல்லு இல்லாம சூப் குடிக்கலாம். பிரேக் இல்லாம ஓட்ட முடியுமா?"

"உன் புருஷனுக்கு இதுல பாதி பண்ணியிருந்தா அவன் நிலைச்சிருப்பான்."

"அவனுக்கும் எல்லாம் பண்ணினேன், கிளம்பிப் போயிட்டான். இது கிளம்பினா நானும் உள்ள இருப்பேன்ல."

ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பூசை முடிந்து காபி குடிக்கும்போது ஒரு அம்மாள், அந்த மாதிரி வண்டியைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று டெல்ஃபின் காதுபடவே சொன்னாளாம். டெல்ஃபின் கப்பைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஒட்டிலியா கொட்டகைப் பக்கம் வரவே இல்லை. எங்களுக்கு உருளைக்கிழங்கும் மாவுருண்டையும் போட்ட சூப் கொடுத்தனுப்புவாள். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்கமாட்டாள். ஆகஸ்டில் ஒரு நாள் என்ஜின் இருமி, புகை கக்கி, நின்று, பிறகு ஓடியது. அந்தச் சத்தம் வயல் தாண்டிக் கேட்டிருக்கும். டெல்ஃபின் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் மாறல" என்றாள். இன்னொரு காயை எடுத்துக்கொண்டே, "பக்கப் பலகை போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

தானியம் சிந்தாமலிருக்க அந்தக் காலத்தில் பின்பெட்டியைச் சுற்றி உயரமாகப் பலகை அடைத்திருப்பார்கள். எல்லாம் மக்கிவிட்டது, இனிமேல் அதற்குத் தேவையில்லை என்று டெல்ஃபின் சொன்னாள்.

"போடு. முன்ன இருந்த உசரத்துக்கே போடு."

மக்காமல் மிச்சமிருந்த ஒரு மூலைக் கட்டையை அளவு வைத்து, எங்கள் பழைய தொழுவத்துப் பலகைகளை அடித்தோம்.

சனிக்கிழமை காலை டெல்ஃபின் வண்டியை ஓட்டிவந்து அவர்கள் முற்றத்தில், குதிருக்கு முன்னால் நிறுத்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டிலியா ஞாயிறு பூசைக்குப் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு வந்தாள். எண்பத்தைந்து வயது. நேராக ஓட்டுகிற பக்கம் வந்து, "இறங்கு" என்றாள். நாங்கள் இருவருமாக அவளைத் தூக்கி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்தோம்.

"குதிர் ஓரமா நிக்கிற அந்தப் பால் கேனை எடுத்துட்டுப் போய் வண்டிக்குப் பின்னால வை" என்றாள் மகளிடம்.

அந்தக் கேன் நாலு வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும். டெல்ஃபின் கேனைப் பிடித்தபடி ஒரு தடவை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் கொண்டுபோய் வைத்தாள்.

ஒட்டிலியா திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். பலகைதான் மறைத்தது. கதவில் இருந்த கண்ணாடியில் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். இடது பக்கம் தள்ளி வைக்கச் சொன்னாள், வலது பக்கம் வைக்கச் சொன்னாள், இன்னும் பின்னால் கொண்டுபோகச் சொன்னாள். டெல்ஃபின் கேனைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கிழவி இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டாள்.

"எங்க வச்சாலும் தெரியல" என்றாள்.

டெல்ஃபின் கதவருகே வந்து நின்றாள். ஒட்டிலியா எங்கள் இருவரையும் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னைக்கு நான் அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கண்ணை எங்க வச்சிருந்தீங்கன்னு. அவர் பதில் சொல்லல. நானும் மறுபடி கேட்கல. தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாம்மா?"

ஒட்டிலியா ஸ்டியரிங்கைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

பிறகு தன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அவளைப் பக்கத்துச் சீட்டுக்கு நகர்த்திவிட்டு டெல்ஃபின் ஓட்டிப் போனாள், நான் கூடப் போகவில்லை. அங்கே அவள் மகனுடைய கல்லின் முன் கொஞ்ச நேரமும், புருஷனுடைய மண்மேட்டின் முன் நெடுநேரமும் நின்றதாக டெல்ஃபின் பின்னால் சொன்னாள். உதடு அசைந்ததாம், என்ன பேசினாள் என்பது காற்றில் காதில் விழவில்லையாம்.

டெல்ஃபின் இப்போதும் அந்த வண்டியை ஓட்டுகிறாள். பள்ளிக்கூடச் சமையலறைக்கு மாவு மூட்டை ஏற்றி வருகிறாள். பின்னால் எடுக்க வேண்டியிருந்தால், பின்னால் நிற்கிற வண்டிக்காரன் எத்தனை ஹாரன் அடித்தாலும், இறங்கி ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள்.

ஒட்டிலியா அதற்குப் பிறகும் சில குளிர்காலங்கள் இருந்தாள். அந்தக் காலங்களில் வெண்டலைப் பற்றி, யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள். ஒருநாள் என்னையும் வைத்துக்கொண்டு மேசையில் கேக்குக்கு மாவு பிசையும்போது, அவன் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு பச்சை மாவைக் கிள்ளித் தின்பான், திட்டினால் வாயை மூடிக்கொண்டே சிரிப்பான் என்றாள். டெல்ஃபினுக்கு அது நினைவில் இல்லை. அவன் வேறு என்னவெல்லாம் தின்பான் என்று கேட்டாள்.