ஐந்து நாள் நோயாளி

நர்சிங் இரண்டாம் ஆண்டில் எனக்கு அவசரமாக ஒரு நோயாளி தேவைப்பட்டார். வந்த வேகத்தில் குணமாகிப் போகிறவர் இல்லை. ஐந்து நாளாவது ஒரே கட்டிலில் பொறுப்பாகப் படுத்திருக்கக்கூடியவர். அவரைக் கவனித்து, நாற்பது பக்கம் கேஸ் ஸ்டடி எழுதி, படம் வரைந்து, அட்டை போட்டுக் கொடுத்தால்தான் மதிப்பெண். சேவை செய்யப் பிறந்த நாங்கள் காலை ஏழு மணிக்கே கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில் நாகர்கோவில் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்து, பஸ்ஸில் இடம் பிடிப்பதைப் போல நோயாளிகளைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கிடைத்தவர் குளச்சலில் மீன் விற்கும் ஒரு அக்கா. கெளுத்தி முள் குத்திய கால் பழுத்து வீங்கியிருந்தது. கூடவே சர்க்கரை வேறு. இதைவிட என்ன வேண்டும்! பக்கத்துக் கட்டிலில் வெறும் காய்ச்சல் கிடைத்திருந்த தோழி என்னைப் பொறாமையோடு பார்த்தாள்.

முதல் நாள், எத்தனை மணிக்குத் தூங்குவார், எத்தனை முறை வெளிக்குப் போவார், மனக்கவலை உண்டா என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினேன்.

"என்னைக் கெட்டினவன்கூட இவ்வளவு கேட்டதில்ல பிள்ளே" என்றார் அக்கா.

மாணவிகள் வார்டில் உட்காரக் கூடாது. நாற்காலிகள் இருந்தன, பார்க்க மட்டும். இரண்டாம் நாள் மதியம் நான் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்த அக்கா, தன் வீங்கிய காலை ஒதுக்கிக் கட்டிலில் இடம் விட்டார்.

"கொஞ்சம் இரி மக்கா. ஆரும் பாக்கமாட்டாவ."

இருந்தேன். அந்த நிமிடத்துக்காகவே காத்திருந்ததுபோல எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம் உள்ளே வந்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால் நோயாளிக்கு என்ன ஆகுமென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாணவிக்கு என்ன ஆகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அந்த வார்டின் அத்தனை கட்டிலையும் நானே விரித்தேன்.

"நான்தான் இரிக்கச் சொன்னேன், அந்தப் பிள்ளைய ஏசாதீங்க" என்று அக்கா போட்ட சத்தத்தை மேடம் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். வீக்கம் வற்றியிருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது.

"நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்றார்.

என் நோட்டில் பத்தொன்பது பக்கம்தான் ஆகியிருந்தது. டாக்டர் நகர்ந்ததும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்க காலு சொகமானதுக்கு நீ எதுக்குட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

மறைக்கத் தெரியாமல் உள்ளதைச் சொன்னேன். ஐந்து நாள் கணக்கு, நாற்பது பக்கம், எல்லாம். அக்கா கட்டில் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் வலிக்குன்னு டாக்டர்ட்ட சொல்லட்டா? ரெண்டு நாள்தானே. உனக்கு ஆவுமில்லா?"

மனிதநேயத்தைப் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனாலும் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்தேன். நான் யோசிப்பதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் வெட்கம் வந்தது.

"வேண்டாம்க்கா. வீட்டுக்குப் போங்க" என்றேன்.

மறுநாள் காலை நானே மருந்து வைத்துக் கட்டினேன். கால் நனையக் கூடாது, செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். மீன் விற்கிறவரிடம் நனையாதீர்கள் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது. அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டு, மெதுவாக நடந்து படியிறங்கினார்.

பத்தொன்பது பக்கத்தை மேடத்திடம் நீட்டினேன்.

"இது செல்லாது. வேற ஆளைப் பிடி."

பிடித்தேன். பித்தப்பைக் கல்லோடு வந்த ஒரு அம்மா. ஒன்பது நாள் இருந்தார். நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். அந்த அம்மாவின் முகம் இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.